இடது பக்கம் திரும்பாத வண்டி

எனக்கு இடது பக்கம் திரும்ப வராது என்பதை நாற்பத்தெட்டாவது வயதில், முப்பது பேர் வரிசையில் நின்று வேடிக்கை பார்க்கும்போது தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால், எனக்கு வராத காரியம் என்று எதுவும் கிடையாது என்று சொல்லியிருப்பேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நடுவில் ஒரு மே மாதம் மட்டும் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

நான் விலங்கியல் ஆசிரியை. இருபத்திரண்டு வருடங்கள் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள். வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து மலைப் பக்கமாக உள்ளே போகும் தெருவில். பள்ளிக்கூடம் டவுனில். தெருமுனையில் பஸ் ஏறினால் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இறங்கிவிடலாம். அதனால் ஸ்கூட்டர் என்ன, சைக்கிள்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை. அவசியம் வராத எதையும் கற்றுக்கொள்ள எனக்குப் பொறுமை கிடையாது.

ஏப்ரல் மூன்றாவது வாரம் பதவி உயர்வு ஆணை வந்தது. செங்கம் சாலையிலிருந்து இடது பக்கம் உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளி. அதற்கு நான் தலைமையாசிரியை. ஆணையை மூன்று முறை படித்தேன்.

சிக்கல் பஸ்ஸில் இருந்தது. அந்தக் கிராமத்துக்கு டவுனிலிருந்து காலை ஆறு மணிக்கு ஒரு பஸ். அதை விட்டால் பத்து மணிக்கு. ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க நான் ஐந்துக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், அந்த நேரத்துக்கு எங்கள் ஊரில் பஸ் கிடையாது. பத்து மணி பஸ்ஸில் போனால் காலை வணக்கம் முடிந்து இரண்டாவது பாடவேளை ஓடிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை தினமும் தாமதமாக வந்தால் அப்புறம் எந்தப் பிள்ளையை, எந்த வாத்தியாரை 'ஏன் லேட்டு?' என்று கேட்பது? வண்டி ஓட்டினால் மட்டுமே அந்த நாற்காலியில் நான் மானத்தோடு உட்கார முடியும்.

என் கணவர் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை பார்ப்பவர். அவர் போகும் திசை வேறு, நான் போக வேண்டிய திசை வேறு. ஆணையைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேணாம்னு எழுதிக் குடுத்துடு. அந்த ஊரு வேலை உனக்கு எதுக்கு? இந்த வயசுல வண்டி கத்துக்கிட்டு எங்கனா விழுந்து வெச்சா?"

"வேணாம்னு எழுதிக் குடுக்கவா இருபத்திரண்டு வருஷம் காத்துட்டு இருந்தேன்?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு ஆத்திரம் ஜாஸ்தியானது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் 'அந்த ஊரு வேலை' என்றுதான் சொன்னார். தலைமையாசிரியை என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. நானும் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் என் கையில் லைசென்ஸ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன்.

கற்றுக்கொடுக்க ஆள் வீட்டிலேயே இருந்தது. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் மகள். அவள் பதினெட்டு முடிந்த மாதமே லைசென்ஸ் எடுத்தவள். புது ஸ்கூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பழத்தை நசுக்கி வண்டியைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

"லெஃப்ட்ல போலாம்மா. அந்தப் பக்கம் ரோடு நல்லா காலியா இருக்கு" என்றாள்.

"மொத மொதல்ல வண்டிய எடுத்துட்டு அப்பிரதட்சிணமாவா? நல்லா சொன்ன போ."

"நீ சயின்ஸ் டீச்சர்மா!"

"அதுக்கு? மலை மலைதான். ரைட்டுல போறோம்."

பெரிய பக்தை என்று என்னை யாரும் சொல்ல மாட்டார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஜனங்கள் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போகும்போது வீட்டில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறவள் நான். பஸ் எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறது என்று ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. ஆனால் வண்டியின் கைப்பிடி என் கையில் வந்ததும் மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டுதான் போவேன் என்று மனசு அடம்பிடித்தது. இந்த ஊரில் பிறந்தவளுக்கு இந்த அளவுகூட இல்லாவிட்டால் எப்படி?

தினமும் காலை ஐந்தரைக்குக் கிளம்பி முழுச் சுற்று. பின்னால் மகள். தெருவிலிருந்து வலது பக்கம் திரும்பி, குபேர லிங்கம் தாண்டி, டவுனுக்குள் நுழைந்து, ராஜகோபுரத்தைக் கடந்து, செங்கம் சாலையில் வந்து, அங்கே மறுபடி வலது பக்கம் கிரிவலப் பாதையில் திரும்பி, கடைசியாக எங்கள் தெருவுக்குள் வலது பக்கம். பதினான்கு கிலோமீட்டர். ஒடித்துத் திரும்ப வேண்டிய திருப்பமெல்லாம் வலது பக்கம்தான். இதை நான் அப்போது யோசிக்கவில்லை. மகளும் யோசிக்கவில்லை. இன்ஜினியரிங் படிக்கிறாளாம்.

முதல் வாரம் படாத பாடு. பிரேக்கைப் பார்த்தால் கண்ணாடி மறந்துபோகும். கண்ணாடியைப் பார்த்தால் மாடு குறுக்கே வரும். மாட்டைப் பார்த்தால் கை தானாக ஆக்சிலேட்டரை முறுக்கிவிடும். நடைபாதையில் காவி வேட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு சாமியார் என்னைப் பார்த்ததும் தம் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். ஒரு சுற்று முடித்து வீட்டுக்கு வந்தால் பத்து மூட்டை நெல் தூக்கியது போல அலுப்பு. உடம்பைவிட மண்டைதான் அதிகம் களைத்தது.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். பதினோராம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் நடத்தும்போது வருடா வருடம் சொல்வதுதான். புதிதாக ஒன்றைக் கற்கும்போது மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொள்கின்றன. பார்க்கிற பகுதி அசைக்கிற பகுதியிடம் கேட்கிறது, அசைக்கிற பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்பகுதியிடம் கேட்கிறது, முன்பகுதி எல்லோரையும் மேற்பார்வை பார்க்கிறது. கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் புதுச் சமையல்காரர் வந்தால் பத்துப் பேர் சுற்றி நின்றுகொண்டு 'உப்பு போட்டாச்சா, பருப்பு வெந்துச்சா' என்று கேட்பார்களே, அந்த மாதிரி என்பேன். அவர் கை நமக்குப் பழகிவிட்டால் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். மூளையிலும் அதேதான் நடக்கிறது. பழகப் பழக அந்தத் தொலைதூரப் பேச்சு குறைகிறது. இணைப்புகள் தளர்கின்றன. பார்க்கிற பகுதியும் அசைக்கிற பகுதியும் தத்தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ள, ஆழத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுகள் பொறுப்பை வாங்கிக்கொள்ள, மேற்பார்வையாளர் அறையை விட்டு வெளியே போய்விடுகிறார். அதற்குப் பெயர்தான் பழக்கம்.

பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, செங்கம் சாலையிலிருந்து வீடு வரைக்கும் வண்டி ஓட்டிய ஞாபகமே இல்லாமல் வந்து சேர்ந்தேன். வழி முழுக்க இட்லி மாவு புளித்திருக்குமா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இறங்கியதும் மகளைப் பிடித்து உலுக்கினேன்.

"பாத்தியா, மேற்பார்வையாளர் போயாச்சு! எனக்கு வண்டி வந்துடுச்சு!"

"யாரு போயாச்சு? நாம ரெண்டு பேருதானே வந்தோம்?" என்றாள். அவள் பதினோராம் வகுப்பில் விலங்கியல் எடுக்காதது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

மே மாதம் நான்காவது வாரம் டெஸ்ட். மைதானத்தில் சுண்ணாம்பால் எட்டுப் போட்டிருந்தது. அதன் மேல் கால் ஊன்றாமல் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு முன்னால் போன பையன்கள் தடுமாறுவதைப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தேன். என் முறை வந்தது. முதல் வளையம் வலது பக்கம். கோட்டை விட்டு ஒரு அங்குலம் நகரவில்லை. நடுவில் கோடுகள் குறுக்கே வெட்டும் இடம் வந்தது. அங்கே இடது பக்கம் திரும்ப வேண்டும். நான் மறுபடியும் வலது பக்கம் திரும்பினேன். அதே வளையத்தை இன்னொரு முறை அழகாகச் சுற்றிவிட்டு நடுவுக்கு வந்தேன். 'லெஃப்ட்டு, லெஃப்ட்டு' என்று யாரோ கத்தினார்கள். எனக்கும் தெரிகிறது, ஆனால் கை மூன்றாவது முறையும் வலது பக்கமே போனது.

ஆய்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மேடம், எட்டு போடச் சொன்னா பிரதட்சிணம் பண்றீங்க. இது கோயில் இல்லீங்க, கிரவுண்டு."

வரிசையே சிரித்தது. வளைந்து நெளிந்து எட்டைக் கடித்துத் துப்பிய அந்தப் பையன்கள்கூடச் சிரித்தார்கள். "மறுபடி ஒரே ஒரு சான்ஸ் குடுங்க சார்" என்று கேட்டேன். இடது பக்கம் திருப்பினேன், திருப்பியும் விட்டேன், ஆனால் உடம்பு வலது பக்கமே சாய்ந்திருந்தது. வண்டியோடு தரையில் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அடுக்களையில் நின்றுகொண்டு அழுதேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை. என் கை என் பேச்சைக் கேட்கவில்லையே என்ற ஆத்திரம். கணவர் வந்து பார்த்துவிட்டு, முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போட்டுவிட்டார். "போதும் விடு. அந்த ஊரு வேலைக்கு நாளைக்கே எழுதிக் குடுத்துடலாம்" என்றார். வாய் வரைக்கும் 'சரி' வந்தது. அதை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

அழுது முடித்த பிறகு புத்தி வேலை செய்தது. நான் தோற்றது கற்காததால் இல்லை, மிக நன்றாகக் கற்றுவிட்டதால். ஆனால் கற்றது வண்டி ஓட்ட இல்லை. மலையை வலது பக்கம் வைத்துச் சுற்ற. முதல் நாள் பக்தியாக இருந்தது பதினைந்தாம் நாளில் பழக்கமாகி, என்னைக் கேட்காமலேயே உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. மேற்பார்வையாளர் போய்விட்டார் என்று குதித்தேனே, அவர் போகும்போது என்ன வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனார் என்று பார்க்கவில்லை. வருடா வருடம் கரும்பலகையில் கலர் சாக்பீஸில் மூளை வரைந்து நடத்துகிறவளுக்கு சொந்த மண்டையில் நடந்தது தெரியவில்லை.

மறுநாள் காலை மகளை எழுப்பி, ஒரு டப்பா கோலமாவை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பின்னால் இருக்கும் நெல்லடிக்கும் களத்துக்குப் போனோம். கோடையில் அது காலியாகக் கிடக்கும். பெரிய எட்டு ஒன்று போட்டோம். நான்கு முறை முயன்று நான்கு முறையும் நடுவில் காலை ஊன்றினேன். அவள் களத்து ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, நடுவுல வந்ததும் நீ எங்க பாக்குற தெரியுமா?"

"கோட்டத்தான் பாக்குறேன்."

"இல்ல. மலையப் பாக்குற. தலை அந்தப் பக்கம் போவுது, வண்டியும் கூடவே போவுது."

பளாரென்று அறைந்தது போல இருந்தது. சுற்றுப்பாதையில் என் கண்ணுக்கு அடையாளம் மலைதான். மலை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதை ஒட்டியே கையைத் திருப்பியிருக்கிறேன். கண்ணும் கையும் எனக்குத் தெரியாமல் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுவிட்டன. இந்த ஊரில் எந்த மைதானத்தில் நின்றாலும் மலை தெரியும். டெஸ்ட் மைதானத்திலும் தெரிந்தது.

மகள் இடது வளையத்துக்கு வெளியே போய் நின்றாள். மஞ்சள் துப்பட்டாவை எடுத்துக் கையில் சுற்றித் தூக்கிப் பிடித்தாள்.

"நடுவுல வந்ததும் மலையப் பாக்காத. என்னப் பாரு."

மலையைப் பார்க்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டம் என்று நான் நினைக்கவே இல்லை. புதிதாகக் கற்பதைவிடக் கற்றதை மாற்றுவதில் இரண்டு பங்கு பாடு. அறையை விட்டுப் போன மேற்பார்வையாளரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மறுபடி உட்கார வைக்க வேண்டும். பழைய பேச்செல்லாம் திரும்ப ஆரம்பித்தது: பிரேக், கண்ணாடி, சாய்மானம், துப்பட்டா. முதல் வாரத்துத் தலைவலி திரும்பி வந்தது. வந்ததும் எனக்கு ஒரு தெம்பும் வந்தது. தலை வலித்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஐந்து நாட்கள், காலையும் மாலையும், கோலமாவு தீரும் வரை இடது வளையம் மட்டும் சுற்றினேன். ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு அம்மா, "இன்னா டீச்சர், செக்கு ஓட்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது டெஸ்டில் மகள் மைதானத்துக்கு வெளியே, சரியாக இடது வளையத்துக்கு நேராகக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் அதே மஞ்சள் துப்பட்டா. வலது வளையத்தை முடித்து நடுவுக்கு வந்தேன். மலை கூப்பிட்டது, உண்மையைச் சொல்கிறேன். நான் மஞ்சளைப் பார்த்தேன். வண்டி இடது பக்கம் சாய்ந்து, கோட்டின் மேலேயே போய், எட்டை முடித்தது.

"இந்த தடவ சாமி கும்பிடலையா மேடம்?" என்றார் ஆய்வாளர்.

"கும்பிட்டுட்டுதான் சார் வந்தேன்" என்றேன். வேலிக்கு வெளியே மகள் குதித்ததில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது.

அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். பள்ளி திறக்கும் நாளன்று தனியாக வண்டியைத் தெருமுனைக்குக் கொண்டுவந்தேன். வலது பக்கம் திரும்பினாலும் டவுனைச் சுற்றிக்கொண்டு செங்கம் சாலைக்குப் போய்விடலாம். கை அந்தப் பக்கம்தான் துடித்தது. "இடது" என்று வாய்விட்டு உரக்கச் சொன்னேன். பூ வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மலையை இடது பக்கம் வைத்துக்கொண்டு, மனசுக்குள் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, போனேன். எட்டேகாலுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தின் கேட்டை நானே திறந்தேன். சீக்கிரமே வந்து சுவரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கூட்டமாக ஓடிவந்தார்கள். "டீச்சர், பத்து மணி பஸ்ஸே இன்னும் வரலியே, எப்படி வந்தீங்க?" என்றார்கள். வண்டியைக் காட்டினேன். அன்றைய முதல் மணியை நான்தான் அடித்தேன்.

தினமும் தெருமுனையில் 'இடது' என்று சொல்லிக்கொண்டுதான் திரும்பினேன். முதலில் உரக்க, பிறகு முணுமுணுப்பாக, பிறகு மனசுக்குள். எந்த நாளில் சொல்வதை நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேங்கிக்காலில் என் நாத்தனார் வீட்டில் விசேஷம். கணவரின் பைக் ரிப்பேரில் இருந்தது. என் ஸ்கூட்டர் சாவியை அவரிடம் நீட்டினேன். "நீயே ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வேங்கிக்காலுக்குத் தெருமுனையில் வலது பக்கம் திரும்ப வேண்டும். நான் திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக்கு வாத்தியார் இல்லையே, யாரைப் போடுவது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் என் தோளைத் தட்டினார்.

"எங்க போற?"

"உங்க அக்கா வீட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் பார்த்தேன். மலை என் இடது பக்கம் இருந்தது. தெருமுனையில் எப்போது திரும்பினேன்? யோசித்து யோசித்துப் பார்த்தேன், துளிகூட ஞாபகம் இல்லை.

அவர் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஹெச்.எம். அம்மா, இன்னைக்கு ஸ்கூல் லீவு."

ஏப்ரலிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை அது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கேலிதான், ஆனால் கேலி மட்டும் இல்லை.

வண்டியைத் திருப்பவில்லை. "இந்தப் பக்கமாவும் வேங்கிக்கால் போலாங்க" என்றேன். செங்கம் சாலை வந்ததும் டவுனை நோக்கி இடது பக்கம் திரும்பினேன்.